மல்லிக்கு நாலாவது குட்டி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையைத் திறந்து, "இந்தா, பழத்தோட வந்துச்சு" என்று ஒரு பூனைக்குட்டியை மேசைமேல் வைத்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆலையில் குலைகளைக் கொட்டும்போது ஓரத்தில் கிடந்து கத்தியதாம். அன்றைக்கு மூன்று தோட்டங்களில் ஏற்றியிருந்தார். எதில் ஏறியது என்று யாருக்குத் தெரியும்? தாயைத் தேடிப் போக வழியில்லை.

மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 190 கிராம். கண் பாதிதான் திறந்திருந்தது. பிறக்கும்போது 100 கிராம் சுமாருக்கு இருந்து, நாளுக்குப் பத்து கிராம்போல ஏறும். அப்படிப் பார்த்தால் ஒன்பது, பத்து நாள் குட்டி. எங்கள் மல்லி ஸ்டோர் ரூமில் டிவி பெட்டிக்குள் மூன்று போட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பூனைக்கு எட்டுக் காம்பு, மூன்று குட்டி. கணக்கு சரியாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி போனது. குட்டி உடம்பெல்லாம் எண்ணெயும் மண்ணும். குழந்தை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துடைத்து, நேராகக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தேன். மல்லி ஒருமுறை மோந்தாள். 'ஹிஸ்' என்று சீறி ஓர் அறை விட்டுவிட்டு அலமாரிமேல் ஏறிக்கொண்டாள். அவளுடைய சொந்தக் குட்டிகளும் கத்த ஆரம்பித்துவிட்டன.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். குட்டியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பவுடர் டப்பா மாதிரி மணக்குது. அது எப்படித் தன் பிள்ளைன்னு நெனைக்கும்?" என்றார். விடியுமுன் பால் எடுக்க மரம் சீவப் போகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுவந்து விடுவார்களாம். விழித்து அழுகிற பிள்ளையின் ஏணையில் அதன் அம்மாவின் பழைய கைலியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுமாம். "துவைச்ச கைலி கொண்டுவந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

மனுசக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று என் மாமியார் போனில் சொன்னார். அதை நான் நம்பவில்லை. மல்லியின் குட்டிகளைத் தினமும் தூக்கி நிறுக்கிறேன், அவள் கண்டுகொள்வதே இல்லை.

குட்டியோ தொட்டால் சில்லென்று இருந்தது. கிளினிக்குக்குப் போன் செய்தேன். முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்றார் டாக்டர். உடம்பு குளிர்ந்திருந்தால் குடித்த பால் செரிக்காது. சுடுதண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். எங்கள் வீட்டுக்காரர் டீக்குப் போடும் டின் பாலைக் கரைக்கப் பார்த்தார்; கையைத் தட்டிவிட்டேன். பசும்பாலே வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கோலசிலாங்கூர் வரை போய்ப் பூனைக்குட்டிக்கான பால் மாவு வாங்கிவந்தார். மல்லாத்திப் பிடிக்காமல், குப்புற வைத்தபடியே சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். இந்த வயசில் தானாக ஒன்றுக்குப் போகவும் தெரியாது. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடியில் தடவிவிட வேண்டும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்துவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு மல்லியைப் பார்க்கையில் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

மறுநாள் கிளினிக்கில் காட்டினோம். தெள்ளுப்பூச்சி தவிர வேறு நோய் தெரியவில்லை. மருந்துக்கு வயசு பத்தாது என்று பேன் சீப்பால் வாரி எடுக்கச் சொன்னார்கள். சில நாள் தனியாக வைத்துப் பார்ப்பதுதான் நல்லது, ஆனாலும் தாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதால் துணிந்து சேர்க்கலாம் என்றார்கள். துணிந்தோம்.

இந்த முறை பெரியம்மாதான் தலைமை. பெட்டியில் மல்லி படுத்திருந்த துண்டை எடுத்துக் குட்டியைச் சுற்றி அரை நாள் வைத்தார். அந்தத் துண்டில் அவள் குட்டிகளின் மூத்திர வாடை தூக்கியடித்தது. "அதுதான் வேணும்." சாயங்காலம் கெம்போங் மீன் அவித்து மல்லியை வெளியே கூப்பிட்டேன். அவள் தின்கிற நேரத்தில் மூன்று குட்டிகளுக்கும் நடுவில் இதைச் செருகிவிட்டோம்.

திரும்பி வந்தவள் பெட்டி விளிம்பில் நின்று வெகுநேரம் மோந்தாள். ஒரு சின்ன உறுமல். நான் கையை நீட்டப் போனேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மல்லி உள்ளே இறங்கிச் சாய்ந்தாள். புதுசு முட்டி மோதி ஒரு காம்பைப் பிடித்தது. அது மஞ்சள் குட்டியின் காம்பு போலிருக்கிறது, காலால் உதைத்துத் தள்ளிவிட்டது. பின்னால் ஒன்று கிடைத்தது. மல்லி குனிந்து அதன் பின்பக்கத்தை நக்க ஆரம்பித்ததும் பெரியம்மா, "ஆச்சு, போய்க் கோப்பி போடு" என்று எழுந்துவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதற்கான பலன் காலையில் கிடைத்தது: பெட்டிக்குள் புதுக்குட்டி மட்டும் தனியாகக் கிடந்தது. வயிறு பகீரென்றது. தூக்கப் போகும்போது மல்லி என் காலை உரசிக்கொண்டு உள்ளே வந்தாள். குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எங்கள் படுக்கை அறைக்குள் போனாள்.

நாலும் இப்போது எங்கள் வீட்டுக்காரரின் வேலைச் சட்டைக் கூடையில் இருக்கின்றன. இன்றைக்குக் காலை நாலாவது 212 கிராம். அவர் இரண்டு நாளாக ஒரே சட்டையில் லோரி ஓட்டுகிறார்.