சோஹார் வேலைக்கு கெளம்பறவங்க முதல்ல பாஸ்போர்ட்ட எடுத்துப் பாருங்க

ஓமன்ல சோஹார் பக்கம் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலைய நிறுத்தி வச்சு ரிப்பேர் பாக்கற வேலைக்கு, எப்படிப் போனீங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி முடியல, அதனால இங்கயே எழுதிடறேன். நான் ரிஃப்ராக்டரி மேசன், உலைக்குள்ளயும், உருக்குன இரும்ப ஊத்தி எடுத்துட்டுப் போற பெரிய வாளியான லேடில்குள்ளயும் சூடு தாங்கற ஃபயர் பிரிக் கட்ற வேலை. ஊரு சேலம். மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனுக்கே பேரு வச்ச ஊருங்க, அந்த வெள்ளக் கல்லு லாரில போறத பாத்துதான் வளந்தேன்.

சோஹார் மஸ்கட்ல இருந்து கடலோரமாவே 200 கிலோமீட்டருக்கு மேல போகணும். ஓமன் அரசாங்கமும் ராட்டர்டாம் துறைமுகமும் கூட்டு சேந்து 2002ல ஆரம்பிச்ச துறைமுகம், அத ஒட்டி ஃப்ரீசோன், வரிச் சலுகை குடுத்து ஆலைங்கள வரவைக்கற எடம். இரும்பு, அலுமினியம், ஃபெர்ரோகுரோம்னு எல்லாம் உலை வச்ச ஆலைங்க, நம்ம கோயம்புத்தூர் இண்ட்சில் குழுமம் கூட்டு சேந்து ஆரம்பிச்ச ஃபெர்ரோகுரோம் ஆலையும் அங்கதான் இருக்கு. உலை இருக்கற எடத்துல பிரிக் தேயும், பிரிக் தேஞ்சா எங்கள கூப்பிடுவாங்க, அவ்ளோதான் கணக்கு.

2022ல ஏஜென்ட் மூலமா ஆஃபர் வந்துச்சு. வந்த சந்தோஷத்துல நான் செஞ்ச தப்பு, நேரா மெடிக்கலுக்குப் போனது. வளைகுடா நாட்டுக்கெல்லாம் வாஃபித்னு ஆன்லைன்ல பதிவு பண்ணணும், முன்னாடி காம்கான்னு சொல்வோமே அதேதான். சென்னையில ஒரு சென்டர் கெடச்சுது. ரத்தம், யூரின், நெஞ்சு எக்ஸ்ரே. நம்ம வேலையில தூசி ஜாஸ்தி, எக்ஸ்ரேல சின்ன தழும்பு தெரிஞ்சாலும் அன்ஃபிட் போட்டுருவாங்கன்னு கூட வேலை செஞ்ச அண்ணன் ஒருத்தர் சொன்னதுல இருந்து ரெண்டு நாள் தூக்கமே இல்ல. ஃபிட்னு வந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஏஜென்ட் என் பாஸ்போர்ட்ட பொரட்டிப் பாத்துட்டு இது ஈசிஆர் பாஸ்போர்ட்டுன்னாரு, அதாவது சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணுங்கற பாஸ்போர்ட். நான் பத்தாவது பாஸ், ஐடிஐயும் முடிச்சிருக்கேன், ஆனா பாஸ்போர்ட் எடுத்தப்ப மார்க்‌ஷீட் குடுக்காம விட்டுட்டேன், அதனால ஈசிஆர்னு முத்திரை விழுந்துருச்சு. ஓமன் உள்பட 18 நாட்டுக்கு அப்படி வேலைக்குப் போகணும்னா ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்ங்கற அரசாங்க அதிகாரிகிட்ட கிளியரன்ஸ் வாங்கியே ஆகணும். அந்த ஏஜென்ட் சொன்ன வழி என்ன தெரியுமா, "விசிட் விசாவுல போயிருப்பா, அங்க போய் மாத்திக்கலாம்". தயவு செஞ்சு இத மட்டும் கேக்காதீங்க. விசிட் விசாவுல போனா இன்சூரன்ஸ் இல்ல, அக்ரிமென்ட் இல்ல, ஒரு பிரிக் கால்ல விழுந்தாக்கூட கேக்க நாதி இல்ல. வீட்ல சொன்னேன், எங்கம்மா ஒரே வார்த்தைல வேண்டாம்னுட்டாங்க. இன்னொன்னும் தெரிஞ்சுக்கங்க, பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், என்கிட்ட கேட்டது அதுக்கு மேல. அவர விட்டுட்டு இமைக்ரேட்ங்கற அரசாங்க வெப்சைட்ல லைசென்ஸ் பாத்து வேற ஆளப் புடிச்சேன்.

பாஸ்போர்ட்ட ரீஇஷ்யூ போட்டேன், 1500 ரூபா, பத்தாவது மார்க்‌ஷீட் ஒரிஜினல காமிச்சா போதும். புது பாஸ்போர்ட் வந்துச்சு, ஈசிஆர் இல்ல, நிம்மதி. ஆனா நம்பர் மாறிடுச்சு! மெடிக்கல் ரிப்போர்ட் பழைய நம்பர்ல இருக்கு, செல்லாது. திரும்ப காசு கட்டி திரும்ப சென்னை, திரும்ப அதே எக்ஸ்ரே பயம். அந்த பஸ்ல உக்காந்து வரும்போது மனசு அவ்ளோ கஷ்டமா இருந்துச்சு, ஒரு மாச சம்பளம் அளவுக்கு காசு இதுலயே போச்சு.

அடுத்து பேரு. சர்டிஃபிகேட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. நமக்கு அது ரெண்டும் ஒன்னுதான், வெளிநாட்டுக்காரனுக்கு ரெண்டு ஆளு. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கி, மாநில அரசு அட்டெஸ்டேஷன் முடிச்சு, அப்புறம் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுபடியாகறதுக்கு வெளியுறவுத் துறை வைக்கற முத்திரை. அந்த அஃபிடவிட்ட நாலு காப்பி எடுத்து வச்சுக்கங்க, எனக்கு நாலும் செலவாச்சு.

விசா வந்து போய் எறங்குனா அங்கயும் மெடிக்கல் உண்டு. அது முடிஞ்சு போலீஸ் ஆபீஸ்ல கைரேகை, போட்டோ, ரெசிடென்ட் கார்டு. கார்டு வந்தாதான் கேட் பாஸ், சேஃப்டி இன்டக்‌ஷன் முடிச்சாதான் கேட் பாஸ். லேடில்குள்ள எறங்கறவங்களுக்கு கன்ஃபைன்ட் ஸ்பேஸ், அதாவது காத்தோட்டம் இல்லாத குறுகலான எடத்துல வேலை செய்யற ட்ரெய்னிங் தனியா, அத தூங்கிட்டே கேக்காதீங்க, உள்ள ஆக்சிஜன் அளக்காம எறங்கக் கூடாதுன்னு அங்கதான் சொல்லித் தருவாங்க. பாஸ்போர்ட்ட நாங்க வச்சுக்கறோம்னு கேம்ப்ல கேட்டாங்க, நான் குடுக்கல. நாம எழுதிக் குடுக்காம கம்பெனி வச்சுக்கக் கூடாதுன்னு அந்த ஊரு சட்டமே சொல்லுது, மரியாதையா சொன்னேன், விட்டுட்டாங்க.

கேட் பாஸ் வாங்கி உள்ள போன முதல் நாள் பஸ்ஸு கப்பல் நிக்கற ஜெட்டி பக்கமா போச்சு. 4 லட்சம் டன் ஏத்துற கப்பல்ல பிரேசில் இரும்புத் தாது வந்து எறங்குது, வாலேங்கற பிரேசில் கம்பெனி ஆலையில அத கோலிக்குண்டு மாதிரி உருட்டி சுட்டு எடுக்கறாங்க, ஸ்டீல் பிளான்ட்ல நிலக்கரி இல்லாம கேஸ்லயே அத இரும்பாக்கறாங்க. ரோட்டோரமெல்லாம் செவப்புத் தூசி.

லேடில்ல ஸ்லாக் லைன், அதாவது உருகுன இரும்பு மேல மிதக்கற கசடு படற வளையம் கட்ட மேக்னீசியா கார்பன் பிரிக் குடுத்தாங்க. கன்னங்கரேல்னு, கையில எடுத்தா கிராஃபைட் வழவழன்னு ஒட்டும். வட்டத்த முடிக்கற கடைசி கீ பிரிக்க அளந்து அறுத்து, மர சுத்தியல்ல தட்டி எறக்கறப்ப டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துலயே டைட்டா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். இந்த மேக்னீசியாவுக்கு மூலம் எங்கூரு மேக்னசைட் மாதிரி கல்லுதானேன்னு நெனைச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

இப்ப சித்தப்பா பையன் கெளம்பறான். போன வாரம்தான் ஈசிஆர் எடுக்க ரீஇஷ்யூ போட்ருக்கான். புது பாஸ்போர்ட் கையில வர்ற வரைக்கும் மெடிக்கல் பக்கமே போகாதடான்னு சொல்லி வச்சிருக்கேன்.