ரத்தநாள அறுவைப் பயிற்சியில் ஓர் ஆய்வு: கப் கட்டுவதிலிருந்து கட்டுரை வரை

எம்.எஸ். (பொது அறுவை மேற்படிப்பு) முடித்து, நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி, எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் படிப்பில் ரத்தநாள அறுவையில் சேர்ந்தால் கையில் இருப்பது 36 மாதம். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருடம் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எழுதவும் திருத்தவும் ஆறு மாதம், விடுபட்ட தகவலைத் தேடிப் பிடிக்க இரண்டு, கடைசியாகச் சேர்ந்தவரின் பன்னிரண்டு. மீதி 16. அதில் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியும் பதிவும் நான்கு மாதத்தைத் தின்றுவிடும். ஆள் சேர்க்கக் கிடைப்பது ஒரே வருடம். தலைப்பு தேடியே அரை வருடத்தை விட்டவர்கள் கடைசியில் மூன்று மாத முடிவை எழுதி ஒப்பேற்றுவது இதனால்தான்.

எங்கள் வார்டில் எப்போதும் நிறைந்திருப்பது சர்க்கரைக் கால். முழங்காலுக்குக் கீழே பைபாஸ் (அடைத்த தமனியைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் அறுவை) செய்தவர்களின் ஒரு வருட நிலையை எடுத்துக்கொண்டோம். பைபாஸா, அடைப்பை உள்ளிருந்து விரிக்கும் பலூனா என்பது ஆறிப்போன கேள்வி என்று தோன்றலாம், ஆறவில்லை. 2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ என்ற ஒப்பீட்டுச் சோதனை, நல்ல சஃபீனஸ் சிரை (மாற்றுவழிக்கு எடுக்கும் நீளமான கால் சிரை) இருப்பவருக்கு பைபாஸே மேல் என்றது. மறு வருடம் வந்த பேசில்-2 சோதனை, பலூனை முதலில் போட்டவர்களே காலோடும் உயிரோடும் அதிகம் இருந்தார்கள் என்றது. இரண்டிலும் ஆட்கள் வேறு. பேசில்-2இல் எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள தமனியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பெஸ்ட்-சிஎல்ஐயில் அந்தக் கட்டாயம் இல்லை. பேசில்-2இல் கால் எடுத்தது இரு பக்கமும் கிட்டத்தட்ட சமம், வித்தியாசத்தைக் கொண்டுவந்தது இறப்பு. முப்பது, நாற்பது வயதில் பீடியால் வரும் பர்கர் நோயை மட்டும் இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். அது வேறு நோய். ஆள் பீடியை விட்டாரா என்பதுதான் அங்கே முடிவைத் தீர்மானிக்கும்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரு வருடத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு பைபாஸ் அடைபடும் என்று வைத்து, பத்துப் புள்ளி ஏற்ற இறக்கத்தை அனுமதித்தால், 1.96இன் வர்க்கம் பெருக்கல் 0.3 பெருக்கல் 0.7, வகுத்தல் 0.1இன் வர்க்கம்: 81 பேர். ஐந்தில் ஒருவர் விட்டுப்போவார் என்றால் 81ஐ 1.2ஆல் பெருக்கி 98 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. 0.8ஆல் வகுக்க வேண்டும். 102 வரும்.

கமிட்டிக்கான ஒப்புதல் படிவத்தை முதலில் தமிழில் எழுதுவது நல்லது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த படிவத்தில் ‘ஓய்வுநிலை வலி’, ‘இடைவிட்ட நொண்டல்’ என்றெல்லாம் இருக்கும். நோயாளிக்கும் புரியாது, வாசித்துச் சொல்லும் நர்ஸுக்கும் புரியாது. ‘ராத்திரி படுத்தால் வலிக்குதா, காலைத் தொங்கப் போட்டால் குறையுதா?’, ‘நடந்தால் கெண்டைக்கால் பிடிக்குதா, நின்றால் விடுதா?’ என்று கேட்டால் நேராகப் பதில் வரும். எத்தனை மீட்டர் நடப்பீர்கள் என்பதற்குப் பதிலே வராது. பஸ் ஸ்டாப் வரை நிற்காமல் போவீர்களா என்று கேட்டு, தூரத்தை நாமே குறித்துக்கொள்ளலாம். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். அந்த வார்டு பயிற்சி மருத்துவர் சாட்சி ஆகமாட்டார். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் சோதனையாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) எண் கையில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1க்குப் பிறகு, ஆள் சேர்த்துவிட்டு வந்தால் பதிவு கிடையாது.

ஆய்வு உண்மையில் கெடுவது, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டு கால் அழுத்தம் அளக்கும் டாப்ளர் மேஜையில். நோயாளி பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். ஓ.பி. நெரிசலில் முதலில் பலியாவது இந்தப் பத்து நிமிடம்தான். ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டையான கப்பின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்கட்டும். ஒடுங்கிய கப் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். 8 மெகாஹெர்ட்ஸ் புரோபை (ஓட்டத்தைக் கேட்கும் கருவிமுனை) சாய்த்துப் பிடித்து, சத்தம் நின்ற பிறகு இன்னும் 20 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். புறங்காலிலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் எடுத்து, பெரிய எண்ணை இரு கைகளில் பெரியதால் வகுக்கிறோம். இதுதான் கணுக்கால்-கை அழுத்த விகிதம். சிலர் சிறிய எண்ணை எடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க அது உதவும், கடுமையைச் சொல்லாது. எது என்பதை முதல் நாளே நெறிமுறையில் எழுதிவிட வேண்டும். பாதியில் பயிற்சி மருத்துவர் மாறினால் கணக்கும் மாறிவிடும். முழங்காலுக்குக் கீழே பைபாஸ் போட்ட காலில், கிராஃப்ட் (மாற்றுவழியாக வைத்த சிரை) ஓடும் இடத்தின் மேல் கப் கட்டக் கூடாது.

சர்க்கரை நோயாளியிடம் இந்த எண் ஏமாற்றும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகியிருப்பதால் கப்பால் அமுக்க முடியாது. கால் கறுத்துக் கிடக்கும், எண் 1.4ஐத் தாண்டும். அப்படிப்பட்டவரை ‘நார்மல்’ என்று குறித்த தாள்களைப் பார்த்திருக்கிறோம். கட்டைவிரல் அழுத்தம் எடுத்தே ஆக வேண்டும்: 2.5 செ.மீ. கப், ஒளி உணரி. 30 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வைஃபை வகைப்பாட்டில் (புண், ரத்தக்குறைவு, தொற்று மூன்றையும் வைத்துக் காலின் ஆபத்தை மதிப்பிடுவது) ரத்தக்குறைவு மூன்றாம் நிலை. இங்கே எதிரி ஏ.சி. குளிர்ந்த விரல் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். போர்வை போர்த்திக் காலைச் சூடாக்கிவிட்டு எடுங்கள். கட்டைவிரலை ஏற்கெனவே எடுத்திருந்தால் இரண்டாம் விரலில் சின்ன கப்.

மாற்றுவழிக்கு எடுக்கப்போகும் சிரையை அளக்கும்போதும் இதே கதை. குளிர்ந்த அறையில் படுக்க வைத்து அளந்தால் 2 மி.மீ. சிரை என்று ரிப்போர்ட் வந்து பைபாஸே கைவிடப்படும். காலைத் தாழ்த்தி வைத்து அளந்தால் அதே சிரை பல நேரம் 3ஐத் தொடும்.

பைபாஸுக்குப் பின் ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் டூப்ளெக்ஸ் (ரத்த வேகத்தையும் காட்டும் ஸ்கேன்) பார்க்கிறோம். ஓர் இடத்தில் வேகம் நொடிக்கு 300 செ.மீ.க்கு மேல், பக்கத்து இடத்தோடு விகிதம் 3.5க்கு மேல் என்றால் அடைபடும் முன்பே பலூன் போட்டுவிடலாம். போட்ட அன்றே முதல்நிலைத் திறப்புக் கணக்கு, அதாவது மறுசிகிச்சை இல்லாமல் பைபாஸ் திறந்திருந்த காலம், முடிந்தது. அதன் பிறகு அது உதவிபெற்ற திறப்பு. முழுதாக அடைத்ததைத் திறந்தால் இரண்டாம்நிலை. மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுக் கலப்பதை, கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

இனி வராதவர்கள். தொடர்கவனிப்புக்கு வராதவர் நன்றாக இருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். ஒற்றைக்காலோடு மூன்று பஸ் மாறி வர முடியாததாலும் ஒருவர் வராமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து விலக்கினால் நம் முடிவு அழகாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும். சேர்க்கும்போதே மூன்று எண்கள் வாங்குகிறோம்: நோயாளியுடையது, மகன் அல்லது மகளுடையது, வேறு வீட்டில் இருக்கும் ஒருவருடையது. ஒரே வீட்டு எண்கள் மூன்றும் சேர்ந்தே மாறிப்போகும். போனில் ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘பரவாயில்லைங்க’ என்றுதான் பதில். ‘செருப்புப் போட்டு நடக்கிறாரா, ரெண்டு காலிலும் போடுறாரா?’ என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காலை எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் தாளை வாட்ஸ்ஆப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, கணுக்காலுக்கு மேலா கீழா என்று பார்த்துக் குறிக்கிறோம். மேலே என்றால்தான் பெரிய நீக்கம்.

கேப்லன்-மேயர் வரைபடத்தின் (நாளாக நாளாக எத்தனை பேருக்கு பைபாஸ் திறந்திருக்கிறது என்று காட்டும் கோடு) கீழே ஒவ்வொரு மாதமும் கணக்கில் மிஞ்சியவர்கள் எத்தனை என்று எழுதுங்கள். நியமப் பிழை (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) 10 சதவீதத்தைத் தாண்டும் இடத்திலிருந்து கோட்டைப் புள்ளிக்கோடாக்கி விடுவது எங்கள் வழக்கம்.