பூங்காக் குளம்: பெக்கோவுக்கு முன்னால் கானைப் பாருங்கள்

திருகோணமலையில் பூங்காவுக்குள் தூர்ந்து கிடந்த பழைய குளத்தைத் திருத்த இறங்கியபோது, முதல் வேலையாக மாரி மழையில் நனைந்தபடி வடிகான்களின் வழியே நடந்து பார்த்தோம். கழிவுநீர்க் கான் ஒன்று குளத்தில் விழுந்தாலே போதும், எவ்வளவு தோண்டினாலும் பாசியும் ஆகாயத்தாமரையும் திரும்ப மூடிவிடும். அதைத் திருப்பிவிட்ட பிறகே பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கிச் சேற்றில் கை வைத்தோம்.

குளம் மிகப் பழைய காலக் கட்டுமானமென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டியிருக்கலாம். இதை முதலே கேட்டுவிடுங்கள்.

சேற்றை அளக்கத் தோணியும் இரும்புக் கம்பியும் போதும். 5 மீற்றருக்கு ஒருதரம் கம்பியை இறக்கினால், சேற்றில் வழுக்கிப் போய்க் களிமண்ணில் முட்டி நிற்கும். 60 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் உள்ள குளத்தில் சராசரி அரை மீற்றர் சேறு என்றால் 1,200 கன மீற்றர், ஏறத்தாழ 424 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). வெட்டிய மண் பொங்கும். கால்பங்கு கூட்டினால் 530 கியூப், 3 கியூப் டிப்பருக்கு 177 நடை. கொட்டும் இடத்தைப் பேசி முடிக்காவிட்டால் சேறு கரையிலேயே குவிந்து, முதல் மழையில் குளத்துக்குள் இறங்கிவிடும்.

தண்ணீரை ஆனி, ஆடியில், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது வடியுங்கள். நாளுக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் இறக்க நாங்கள் விடவில்லை. ஊறிய கரைக்குத் தண்ணீர்தான் முட்டு. அது சட்டென்று போனால் கரை சரியும். ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையில் வடியப் போடுங்கள். விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் அடுத்த வருடமும் முளை பிடுங்க ஆள் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஆழ ஆசை. அடியிலுள்ள களிதான் குளத்தின் பாத்திரம். கரிய சேறு முடிந்து கெட்டியான களி தெரிந்ததும் பெக்கோவை நிறுத்த வேண்டும். களியை உடைத்துக் கீழ் மணலைத் தொட்டால் கோடையில் தண்ணீர் நிற்காது. கடலுக்குக் கிட்ட என்றால் உவர்நீரும் ஏறலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பியோடு நின்றே ஆகவேண்டும். தவறி உடைந்த இடத்தில் நல்ல களியை 15 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு, ஈரப்பதமாக மிதித்து இறுக்கினோம்.

கரைக்குக் கொங்கிரீட் வேண்டாம். சரிவாக விட்டு ஓரத்தில் கோரையை நட்டால் மண் பிடிக்கும், தவளையும் கொக்கும் வரும். தண்ணீர் நுழையும் வாயில் வண்டல் குழி ஒன்று வெட்டி, ஒவ்வொரு புரட்டாதியிலும், ஐப்பசி மழைக்கு முன், துப்புரவாக்குகிறோம்.