சர்வர் மாறும் நாட்கள்

நவம்பர் 4, திங்கள்

பழைய சர்வர் இந்த மாதம் 30 வரைதான். அதற்குள் அப்பா அட்டைகளில் எழுதிச் சேர்த்த சொற்களின் இணைய அகராதியை வேறு இடத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். புதிய மெஷினில் மெமரி 2 ஜிபி. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் வைத்து ஓட்ட, டாக்கரிலேயே தொடர்வதா, பாட்மேனுக்கு மாறுவதா? அப்பா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 5

தூக்கம் வரவில்லை. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

டாக்கரில் எல்லாமே டெமன் என்ற பின்னணி நிரல் வழியாகத்தான் நடக்கிறது. வழக்கமாக நிறுவினால் அது ரூட் உரிமையோடு, அதாவது மெஷின் முழுவதன் மீதும் உரிமையோடு, எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரை டாக்கர் குழுவில் சேர்ப்பது, அவர் கையில் ரூட்டையே கொடுப்பது மாதிரி. தம்பிக்கும் அணுகல் தர வேண்டும், யோசனையே அதனால்தான். பாட்மேனில் நடுவில் டெமன் கிடையாது. என் கணக்கிலிருந்தே கன்டெய்னர் கிளம்புகிறது. அதற்குள் ரூட்டாக இருப்பது, வெளியே வெறும் நான்தான். டாக்கரிலும் ரூட்லெஸ், அதாவது ரூட் உரிமை இல்லாமல் ஓட்டும் முறை, உண்டு, 2020இல் வந்த 20.10 பதிப்பிலிருந்து சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. ஆனால் அதைத் தனியாக அமைக்க வேண்டும். பாட்மேனைச் சாதாரண பயனராக ஓட்டினாலே ரூட்லெஸ்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது.

நவம்பர் 6

ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 7

மெஷினில் இருந்த லினக்ஸான டெபியன் 12இல் இருப்பது பாட்மேன் 4.3. கன்டெய்னரை சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைக் கிளப்பி, நிறுத்தும் நிரல்) சர்வீஸாக எழுதிவைக்க உதவும் குவாட்லெட் 4.4இல்தான் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டு 24.04 போட்டேன், அதில் 4.9 இருக்கிறது. கன்டெய்னரை உருவாக்கும் செய்முறைக் கோப்பான பழைய டாக்கர்ஃபைல் ஒரு எழுத்துகூட மாற்றாமல் பில்ட் ஆனது.

டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்தான் படுத்தியது. டேட்டா அடைவில் எழுத அனுமதி இல்லை என்றது. இரண்டு மணி நேரம் போயிற்று. கன்டெய்னருக்குள் 999 என்ற எண்ணுள்ள பயனர், வெளியே 100998 ஆகிவிடுகிறார். எனக்கு ஒதுக்கிய எண்கள் 100000இல் தொடங்குகின்றன, உள்ளே 1 என்பதுதான் அந்த 100000, அதனால் இந்தக் கணக்கு. சூடோ போட்டு (ரூட் உரிமையோடு) சோன் செய்ததில், அதாவது அடைவின் உரிமையாளரை மாற்றியதில், இன்னும் குழம்பியது. கன்டெய்னரின் எண் கணக்கிலேயே கட்டளையை ஓட்டும் ‘பாட்மேன் அன்ஷேர்’ வழியாகச் செய்ததும் சரியாயிற்று.

அப்பா கண் விழித்ததும், “மக்ளே, அட்டையெல்லாம் நனையாம வச்சிருக்கியா?” என்றார். வெளியே மழை. பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 8

தம்பி போன் செய்தான், தளம் திறக்கவில்லையாம். உள்ளே போய்ப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது. திறந்து பார் என்றேன். திறந்தது.

நவம்பர் 9

மறுபடியும் அதே. நான் பார்க்கும்போதெல்லாம் ஓடுகிறது, பார்க்காதபோது இல்லை. மெமரி போதவில்லையோ என்று பயந்து லாக் முழுக்கப் படித்தேன். எங்கும் பிழை இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அகராதியின் நிரல்களை (கோடு) எந்தச் சேமிப்பு மென்பொருளில் வைப்பது? கிட்லாப் இந்த 2 ஜிபியில் அடங்காது. கிட்டீ, ஃபோர்ஜோ இரண்டும் இலகு. கோக்ஸ் என்ற இதே மாதிரி மென்பொருளிலிருந்து 2016இல் கிட்டீ பிரிந்தது. கிட்டீயின் பெயர் உரிமை ஒரு கம்பெனி கைக்குப் போனபின், 2022 கடைசியில் ஃபோர்ஜோ பிரிந்தது. ஃபோர்ஜோவுக்குப் பின்னால் இருப்பது பெர்லினில் உள்ள கோட்பெர்க் என்ற லாப நோக்கமில்லாத சங்கம். ஃபோர்ஜோவே போதும். முப்பது வருஷ அட்டைகளைத் திடீரென்று கைமாறிவிடக்கூடிய இடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ரிப்போர்ட் நாளை என்கிறார்கள்.

நவம்பர் 11

கண்டுபிடித்துவிட்டேன்! ரூட்லெஸ் கன்டெய்னர் என் பயனரின் சிஸ்டம்டிக்குக் கீழே ஓடுகிறது. நான் லாக் அவுட் செய்தால் அதுவும் நின்றுவிடும், உள்ளே வந்தால் மறுபடி கிளம்பும். பார்க்கப் போகும்போதெல்லாம் நானேதான் அதை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வெளியேறினாலும் அதை ஓடவிட ‘எனேபிள் லிங்கர்’ என்று ஒரே கட்டளை. லாக் அவுட் செய்துவிட்டு மருத்துவமனை வாசலில் நின்று போனில் பார்த்தேன். இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்தும் இருக்கிறது.

நவம்பர் 12

பழைய டேட்டாபேஸை முழு நகலாக (டம்ப்) எடுத்து ஏற்றினேன். முதலில் தேடிப் பார்த்த சொல் ‘ஓர்மை’. அப்பாவின் குறிப்போடு வந்தது: நினைவு, நாஞ்சில் நாட்டு வழக்கு. போனில் காட்டினேன். கண்ணாடி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 13, காலை 7.40

லிங்கர் போட்டதிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், வீட்டிலிருந்து இன்னொருவரும் கூட வர வேண்டுமாம். தம்பி பஸ் ஏறிவிட்டான்.