எழுதுறது மட்டும்தான் பாக்கி

முதுநிலைப் பொறியியல் படிக்கிற யாரையாவது கடைசி செமஸ்டரில் பிடித்து, "தீசிஸ் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "வேலை எல்லாம் முடிஞ்சிருச்சு, எழுதுறது மட்டும்தான் பாக்கி." அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார். நம்பாதவர் கைடு ஒருவர்தான். வருடா வருடம் இதே வாக்கியத்தைக் கேட்டுக் காது புளித்தவர். "அப்படியாப்பா, சரி. அடுத்த திங்கக்கிழமை மூணாவது சேப்டரைக் கொண்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு நம்மாள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். துறை மெக்கானிக்கல். சப்ஜெக்ட், ஒரு எஃகு அமைப்பின் அதிர்வும் அதைச் சுற்றி ஓடும் காற்றும். பாதி சிமுலேஷன், பாதி பரிசோதனை. அதாவது இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்.

கைடு மூன்றாவது சேப்டரைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. செய்ததைச் செய்தபடி எழுதினால் போதும் என்பதால் செய்முறை அத்தியாயம்தான் எழுத எளிது. அதை முடித்து, முடிவுகள், விவாதம், அதன்பின் இலக்கிய மதிப்பாய்வு, பிறகு முன்னுரை, எல்லாவற்றுக்கும் கடைசியில் சுருக்கம். இந்த வரிசையில் போனால் வண்டி ஓடும். நம்மாள் ஒன்றாவது அத்தியாயத்தைத் திறந்து, "இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் அசுர வேகத்தில் வளர்ந்து வருகிறது" என்று ஆரம்பிக்கிறார். இரண்டு நாள் கழித்தும் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. தொழில்நுட்பம் வளர்கிறது, அத்தியாயம் வளரவில்லை.

சரி என்று மூன்றாவதுக்கு வருகிறார். ஒன்றரைப் பக்கம் மளமளவென்று ஓடுகிறது. பிறகு எல்லா தீசிஸிலும் இருக்கும் அந்த வாக்கியம்: "மெஷ் போதிய அளவு நுணுக்கமாக இருப்பது உறுதி செய்யப்பட்டது." கை நிற்கிறது. (மெஷ் என்றால், காற்று ஓடும் இடத்தைக் கணக்குக்காகச் சின்னச் சின்ன செல்களாக வெட்டிய வலை.) யார் உறுதி செய்தார்கள்? எப்போது? 20 லட்சம் செல் இருக்கிறதே, அது போதாதா என்றால், அந்த எண்ணுக்கு அப்படி ஒன்றும் மகத்துவம் இல்லை. லேப்டாப்பின் மெமரி அதற்கு மேல் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

மெஷ் இண்டிபெண்டன்ஸ், அதாவது மெஷ்ஷை இன்னும் நுணுக்கினாலும் விடை மாறாது என்று காட்ட மூன்று மெஷ் வேண்டும். ரோச் என்ற ஆய்வாளர் 1994-இல் முன்வைத்த, மெஷ்ஷால் வரும் பிழையை மதிப்பிடும் கிரிட் கன்வர்ஜென்ஸ் இண்டெக்ஸ்தான் வழக்கமான வழி. ஒரு மெஷ்ஷுக்கும் அடுத்ததுக்கும் செல் அளவில் குறைந்தது 1.3 மடங்கு வித்தியாசம் வைப்பார்கள். நம்மாள் உடனே இருப்பதைப் பாதியாக்கப் பார்க்கிறார். முப்பரிமாணத்தில் ஒவ்வொரு பக்கமும் பாதியானால் செல் 8 மடங்கு. நேரத்தோடு மாறும் ஓட்டம் என்றால் நேரத்தைத் துண்டு போடும் டைம் ஸ்டெப்பையும் பாதியாக்க வேண்டும், ஆக 16 மடங்கு வேலை. 6 மணி நேரத்தில் முடிந்த ரன் 96 மணி நேரம் ஆகும். நான்கு நாள். அதற்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டு, ஒரு ரீஸ்டார்ட் போட்டு, "எல்லாம் தயார்" என்று புன்னகைக்கும். ரன் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் செக்பாயிண்ட் ஃபைலைச் சேமிக்கும் ஆப்ஷனை அன்றுதான் நம்மாள் முதன்முறையாகப் பார்க்கிறார்.

அனுபவசாலிகள் மேலே ஏற மாட்டார்கள், கீழே இறங்குவார்கள். இருக்கிற 20 லட்சத்தையே நுணுக்கமான மெஷ்ஷாக வைத்துக்கொண்டு, செல்லின் பக்க நீளத்தை 1.3 மடங்கு பெருக்கினால் செல் எண்ணிக்கை சுமார் 9 லட்சத்துக்கு இறங்கும். இன்னொரு முறை பெருக்கினால் 4 லட்சத்துச் சொச்சம். இரண்டு ரன்னும் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். மூன்றின் விடைகளும் படிப்படியாக ஒன்றையொன்று நெருங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் ஓடினால், அந்த நான்கு நாளைத் தவிர்க்க முடியாது. கூடவே ஒய் பிளஸ்ஸையும், அதாவது முதல் செல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும் எண்ணையும், பார்த்துவிடுவது நல்லது. ஓட்டத்தைச் சுவர் வரைக்கும் தீர்க்கிற கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடலில் அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், சுவரோரத்தைச் சூத்திரத்தால் சமாளிக்கும் வால் ஃபங்ஷன் போட்டிருந்தால் 30-க்கு மேல். நம்மாளுக்கு 12 என்று வரும். இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை.

காற்றுப் பகுதியை ஒருவழியாகக் கரை சேர்த்தால், அடுத்தது அதிர்வு. இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிறது.

சுத்தியலால் தட்டி அளந்தபோது எஃகு உத்தரத்தின் முதல் இயல்பதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், 200 ஹெர்ட்ஸ், நொடிக்கு 200 முறை. அதையே சிமுலேஷனில் எடுத்து அட்டவணையில் பக்கத்தில் போட வேண்டும். மோடல் அனாலிசிஸ் என்ற அந்தக் கணக்கு ஓடி முடிகிறது. அதிர்வு வடிவம் அழகாக வளைகிறது, சிவப்பும் நீலமும் கொஞ்சி விளையாடுகின்றன. அதிர்வெண்: 0.0002 ஹெர்ட்ஸ். ஒரு முறை ஆடி முடிக்க 5,000 நொடி, அதாவது ஒரு மணி 23 நிமிடம். தட்டிவிட்டுப் போய் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலும் உத்தரம் இன்னும் ஒரு சுற்று முடித்திருக்காது.

என்ன நடந்தது? பொருளைத் துண்டு துண்டாக்கிக் கணக்குப் போடும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள் பலவற்றுக்கு அலகு என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தரும். நீளம் மில்லிமீட்டரில், விசை நியூட்டனில் என்று ஆரம்பித்தால், எடை டன்னில்தான் போக வேண்டும். எஃகின் அடர்த்தி அப்போது 7.85 × 10⁻⁹. நம்மாள் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி 7850 என்று போட்டிருக்கிறார். பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு அளவுக்குக் கனமான எஃகு. அதன் வர்க்கமூலம் பத்து லட்சம், அதனால் அதிர்வெண் பத்து லட்சம் மடங்கு குறைந்துவிட்டது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இத்தனை மாதமும் ஓட்டிய ஸ்டாட்டிக் (அசையாத நிலைக்கான) கணக்குகளில் சுயஎடையைச் சேர்க்காததால் அடர்த்தி எதிலும் தலைகாட்டவே இல்லை. ஸ்ட்ரெஸ், டிஃப்ளெக்‌ஷன் எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தன. அதிர்வு வடிவமும் சரிதான், ஏனென்றால் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒரே மடங்கு தப்பு. படத்தைப் பார்த்து மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியாத தப்பு இது. ஓட்டும் முன் மாடலின் மொத்த எடையை ஒரு தடவை கேட்டிருந்தால் மென்பொருளே சொல்லியிருக்கும்.

பரிசோதனைப் பக்கம் மட்டும் புனிதமா? எஃகுத் துண்டை இழுத்துப் பார்த்து அதன் விறைப்பைக் காட்டும் யங்ஸ் மாடுலஸ் எடுத்திருக்கிறார். 200 ஜிகாபாஸ்கலை ஒட்டி வரவேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டாமல், மெஷினின் இழுக்கும் தலையான கிராஸ்ஹெட் நகர்ந்த தூரத்தையே நீட்சி என்று எடுத்தால் அப்படித்தான் ஆகும். துண்டு மட்டுமா நீள்கிறது, மெஷினும் பிடியும் சேர்ந்தல்லவா கொடுக்கின்றன. நீட்சியை மின்தடை மாற்றமாகக் காட்டும் ஒட்டுச் சென்சாரான ஸ்ட்ரெயின் கேஜில் இன்னொரு கூத்து. 120 ஓம் கேஜ், கேஜ் ஃபேக்டர் (உணர்திறன்) 2 என்றால், 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு) மின்தடை மாறுவது வெறும் 0.24 ஓம். நீளமான ஒயரும் ஒரு சுமாரான சால்டரிங்கும் சேர்ந்தால் இதைவிட அதிகமாகவே ஆட்டம் காட்டும். ஒயரிங் குவார்ட்டர் பிரிட்ஜ் (ஒரு கேஜ்), சாஃப்ட்வேரில் ஹாஃப் பிரிட்ஜ் (இரண்டு கேஜ்) என்று இருந்தால் எல்லா ரீடிங்கும் சரிபாதி. பாதி என்பதால் சந்தேகமும் வராது, "பரிசோதனை முடிவு சற்றுக் குறைவாக உள்ளது" என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதியாகிவிடும்.

இதற்கெல்லாம் மூலத்தரவு இருந்தால் ஒரு நாளில் திருத்திவிடலாம். இங்கேதான் படம் 4.7 வருகிறது. தீசிஸின் உயிர்நாடியே அந்தப் படம்தான். அதன் தரவு லேப் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் "நியூ ஃபோல்டர் 3" என்ற ஃபோல்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை யாரோ ஃபார்மேட் செய்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு ஸ்கிரீன்ஷாட். 15 செ.மீ. அகலத்தில், 300 டிபிஐ தரத்தில் அச்சிட 1,772 பிக்ஸல் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது 640. பென் டிரைவில் இன்னொரு ஃபைல் கிடைக்கிறது, மூன்று நெடுவரிசை, தலைப்பு எதுவும் இல்லை. எது நேரம், எது வோல்டேஜ், சாம்பிளிங் எத்தனை, ஆம்ப்ளிஃபையர் கெயின் எவ்வளவு? அளந்த அன்றைக்கு ஃபைலின் முதல் ஐந்து வரியில் இவற்றை எழுதி வைக்க இரண்டு நிமிடம் ஆகும். இப்போது துப்பறிய இரண்டு நாள்.

சரி, உள்ளடக்கம் ஒருவழியாகத் தேறிவிட்டது. யானை போய்விட்டது, இனி வால். வால் என்பது வேர்ட் ஃபைல்.

முதலில், படங்கள் காணாமல் போகின்றன. போட்ட இடத்தில் ஒரு வரி உயரத்துக்கு மெல்லிய கீற்று மட்டும் தெரிகிறது. விதிப்படி வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி" என்று வைத்ததன் பலன், படமும் எழுத்து மாதிரி ஒரு வரிக்குள் அடங்கச் சொல்கிறது வேர்ட். படம் இருக்கிற பத்திக்கு மட்டும் "சிங்கிள்" போட்டால் படம் எழுந்து நிற்கும். அடுத்து, பக்க எண். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. நடுவில் வெறும் பேஜ் பிரேக் போட்டால் நடக்காது, செக்‌ஷன் பிரேக் போட்டு, ஃபுட்டரில் "லிங்க் டு ப்ரீவியஸ்" என்பதை அணைக்க வேண்டும். அணைக்காமல் திருத்தினால் முன்னே சரியாகும்போது பின்னே கெடும், பின்னே சரியாகும்போது முன்னே கெடும். ராத்திரி இரண்டு மணிக்கு இந்த ஊஞ்சலில் ஆடியவர்கள் ஏராளம்.

ஆனால் இதெல்லாம் திரையில் தெரிகிற தப்புகள். திரையில் தெரியாமல் அச்சில் மட்டும் வருவது ஒன்று உண்டு. "படம் 4.7-இல் காண்க" என்று இருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்." படத் தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்தபோது, அதற்குள் ஒளிந்திருந்த புக்மார்க்கும் போய்விட்டது. அது போனதை ஃபீல்டு அப்டேட் ஆகும்போதுதான் வேர்ட் கவனிக்கும். அந்த அப்டேட் பல கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் கொடுக்கும் நொடியில் நடக்கும். ஆகவே கண்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9, பிறகு "எரர்" என்ற சொல்லைத் தேடி, ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃப்பை மட்டுமே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நம்மாள் வேர்ட் ஃபைலையே கொடுத்தார். ஐந்து பிரதி. ஒவ்வொன்றிலும் பதினொரு எரர்.

வேர்டுக்குப் பதில் கட்டளைகளால் அச்சுக்கோக்கும் லேடெக்ஸ் ஆட்கள் இதையெல்லாம் கைகட்டி நின்று ரசிப்பார்கள். அவர்களுக்கு வேறு ஜாதகம். ஒரு தடவை கம்பைல் செய்தால் மேற்கோள் எல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். லேடெக்ஸ், நூற்பட்டியல் கட்டும் பிப்டெக்ஸ், மறுபடி லேடெக்ஸ், மறுபடி லேடெக்ஸ் என்று நான்கு ஓட்டம் ஓடினால்தான் எண்கள் உட்காரும். பக்கத்துக்கு மேல் பெரிதாக ஒரே ஒரு படம் இருந்தாலும் போதும், பின்னால் வரும் படங்கள் எல்லாம் வரிசையை மீறாமல் அதன் பின்னாலேயே நின்று, அத்தியாயத்தின் முடிவில் கும்பலாக இறங்கும். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. கணினி அறிஞர் டொனால்ட் நூத் உருவாக்கிய, லேடெக்ஸுக்கு அடித்தளமான டெக்ஸின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் π (பை) மதிப்பை நோக்கி ஒரு இலக்கம் நீளும், 2021-இல் 3.141592653. தீசிஸ் ஃபைலின் பதிப்பு எண்தான் எதை நோக்கியும் குவிவதில்லை. ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் கரெக்டட், ஃபைனல் கைடு சொன்னது, இதுதான் ஃபைனல், இதுதான் ஃபைனல் புதுசு.

வண்ணப் படங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெட் என்கிற வானவில் வண்ணத்தில் போட்ட கான்டூர் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால், உச்சத்தின் கருஞ்சிவப்பும் அடிமட்டத்தின் கருநீலமும் ஏறக்குறைய ஒரே அடர்சாம்பல். அதிக அழுத்தம் எங்கே, குறைந்த அழுத்தம் எங்கே என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். படம் வரையும் மென்பொருள்களில் மேட்லேப் 2014-லேயே ஜெட்டை இயல்பு இடத்திலிருந்து இறக்கிவிட்டது, மேட்பிளாட்லிப் 2017-இல் விரிடிஸ் என்ற வண்ண வரிசைக்கு மாறிவிட்டது. நம்மாள் சீனியரின் புரோகிராமை அப்படியே காப்பி அடித்ததால் ஜெட் இன்னும் ஆட்சியில் இருக்கிறது.

ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் சிமிலாரிட்டி அறிக்கை வருகிறது, 38 சதவீதம். அதில் பெரும்பங்கு நூற்பட்டியலும், நம்மாளே போட்ட கான்ஃபரன்ஸ் பேப்பரும். தன்னிடமிருந்தே திருடிய குற்றம். நூற்பட்டியலை விலக்கி, சொந்தப் பேப்பருக்கு மேற்கோள் காட்டி, செய்முறைப் பத்திகளை மாற்றி எழுதினால் இறங்கிவிடும்.

பைண்டிங் எடை பற்றிச் சந்தேகம் உள்ளவர்களுக்கு: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். 120 தாள், ஐந்து பிரதி, அட்டை இல்லாமலே 3 கிலோ. எரர் அச்சான முதல் சுற்றையும் சேர்த்தால் 6. இடது ஓரம் போதாமல் விட்டதால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் தையலுக்குள் போன கதையை இங்கே விரிக்கவில்லை.

வைவா எனும் வாய்மொழித் தேர்வு அன்று லேசர் பாயிண்டரோடு நிற்கிறார். அறையில் புரொஜெக்டருக்குப் பதில் பெரிய எல்சிடி திரை, புள்ளி அதில் கண்ணுக்குத் தெரியவில்லை. மவுஸை வைத்துக் காட்டிச் சமாளிக்கிறார். அனிமேஷன் வீடியோ ஓடவில்லை, அது ஸ்லைடுக்குள் இல்லை, வீட்டிலிருக்கும் லேப்டாப்பின் டி டிரைவில் இருக்கிறது. எக்ஸாமினர் மெஷ் பற்றியோ மாடல் பற்றியோ கேட்கவில்லை. 4.7-ஐத் திறந்து கேட்கிறார்.

"இந்த ஒய் ஆக்ஸிஸ்க்கு யூனிட் என்னப்பா?"

"மைக்ரோஸ்ட்ரெயின் சார். போட மறந்துட்டேன் சார்."

"இம்ப்ரூவ்மெண்ட் 12.4738 பர்சென்ட்னு போட்டிருக்க. உன் கேஜ் அந்த நாலாவது டெசிமல் வரைக்கும் அளக்குமா?"

"அளக்காது சார்."

"அப்போ 12-னு போடு. போதும்."

அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சிறு திருத்தங்களோடு ஏற்கப்பட்டது. வெளியே வந்ததும் கைடு முதுகில் தட்டிக்கொடுக்கிறார்.

"நல்லா பண்ணிட்டப்பா. இதை அப்படியே ஒரு ஜர்னல் பேப்பராப் போட்டுரலாம். வேலை எல்லாம்தான் முடிஞ்சிருச்சே, எழுதுறது மட்டும்தானே பாக்கி? 4.7-ஐ மட்டும் ரா டேட்டாவுல இருந்து மறுபடி பிளாட் பண்ணிக் கொடுத்துரு."