டிவிஎஸ் போகும், மாடு போகும்

சித்தப்பா சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. ஜவ்வாது மலையில் காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குத் தார் ரோட்டைத் தொடாமல், காட்டுப் பாதையிலேயே சைக்கிளில் போய்விடலாம் என்று நானும் நண்பரும் அவர் வீட்டு ஹாலில் செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். சித்தப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்துவிட்டால் அதற்குமேல் அந்தப் பேச்சு நம்முடையது இல்லை.

"எந்த ஷீட்டு?"

"ஷீட் இல்ல அங்கிள், ஆப்" என்றார் நண்பர்.

"ஸ்கேல் என்ன?"

நண்பர் இரண்டு விரலால் திரையை அகட்டிக் காட்டினார். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த மாதிரி ஆட்களோடுதான் சுற்றுகிறாயா என்று அதற்கு அர்த்தம்.

ஏலகிரிக்குப் போகலாம்தான். ஆனால் அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போய்விடும். ஜவ்வாது மலை அப்படியில்லை. ஏறி முடித்தால் மேலே மடிப்பு மடிப்பாகப் பரந்து கிடக்கும். சாமைக் கொல்லை, புளியமரம், பலா, நாலு வீடு, மறுபடி காடு. ஊருக்கு ஊர் மண் பாதை. ஆலங்காயத்திலிருந்து ஏறினால் காவலூர், சுமார் 725 மீட்டர் உயரத்தில். 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கிருந்துதான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருட்டு நன்றாக இருக்கும் என்பதற்காகத் தேடிப் பிடித்த இடம். நண்பர் ஆயிரம் லூமன் விளக்கு ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். அதை அங்கே ராத்திரியில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அந்த யோசனையை முதலிலேயே தள்ளிவிட்டோம்.

சித்தப்பா இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடத்தை இறக்கச் சொன்னார். 2017 முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் காலத்தில் இதே தாளை வெளியே எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும் தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரிந்துகொண்டோம். பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் ஊறுகாய் பாட்டில் வைத்தார். அப்புறம் சித்தியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். அதைத் தண்ணீரில் நனைத்து, பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நகத்தால் அழுத்திப் படுக்க வைத்து, கடைசியில் இரண்டு முனையையும் கிள்ளி எடுத்து, நேராக்கி அளவுகோலில் வைத்தார். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஆப் சொன்ன தூரத்துக்கும் நூல் சொன்ன தூரத்துக்கும் ஒத்துவரவில்லை.

"உங்க போன் வளைவை வெட்டிக்கிட்டுப் போகுது" என்றார் சித்தப்பா.

"உங்க நூல் இழுபடுது அங்கிள்" என்றார் நண்பர்.

"அது என் ரவிக்கைக்கு வாங்கின நூல்" என்றார் சித்தி.

தூரத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்றத்தில் மட்டும் சித்தப்பா பேசவே விடவில்லை. அந்தத் தாளில் ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டருக்குள் அப்படி ஐந்து இடைவெளி வந்தால் அரை கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏற்றம், அதாவது நூற்றுக்கு இருபது. நூற்றுக்கு எட்டு வந்தாலே சைக்கிள்காரனுக்கு மூச்சு வாங்கும். பத்தைத் தாண்டினால் பேச்சு நிற்கும். இருபதில், அதுவும் சரளைக் கல்லில், பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். இறங்கித் தள்ள வேண்டியதுதான். நண்பரின் ஆப் போட்ட அழகான கோடு போன வழியில் ஓர் இடத்தில் சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெறும் பழுப்புத் திட்டாகவே தெரிந்தது. சித்தப்பா அதில் பேனாவால் தட்டினார். "இங்க நீங்க சைக்கிள் மேல போக மாட்டீங்க. சைக்கிள்தான் உங்க மேல வரும்."

நண்பர் சளைக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். காட்டின் நடுவே பளிச்சென்று, கோடு கிழித்ததுபோல நேராக ஒரு பாதை. "இதோ! இது உங்க தாளில் இல்லவே இல்லையே?"

சித்தப்பா சிரித்தார். "மலையில நேரா ரோடு யாருய்யா போடுவான்?"

அது தீத்தடுப்புக் கோடு. கோடையில் தீ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டாமலிருக்க, வனத்துறை புல்லையும் புதரையும் வெட்டிச் சுத்தம் செய்து வைக்கும் பட்டை. தீக்கு மேடென்ன பள்ளமென்ன. அதனால் அந்தக் கோடும் எதையும் பார்க்காமல் மலை முதுகில் செங்குத்தாக ஏறி அப்படியே அந்தப் பக்கம் இறங்கும். மேலே இருந்து படம் எடுத்தால் தேசிய நெடுஞ்சாலை மாதிரிதான் தெரியும்.

சரி, எதற்கும் வனத்துறையிடமே கேட்டுவிடலாம் என்று போனோம். அங்கே இருந்த வனவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"காட்டுக்குள்ள எதுக்கு?"

"சைக்கிள் ஓட்ட சார்."

"மேல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

"கோயிலா?"

"இல்ல சார். சும்மா ஓட்ட."

அவர் எங்கள் முதுகுப்பையைப் பார்த்தார். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. அரசின் சந்தனக் கிடங்கே ஒன்று திருப்பத்தூரில் இருக்கிறது. 'சும்மா' என்று சொல்லிக்கொண்டு பெரிய பையோடு காட்டுக்குள் போகிறவனை அந்த ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "அதான் ரோடு இருக்குதே சார்."

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் வருஷத்து வனச் சட்டத்திலிருந்தே குற்றம். 2018இல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது, கூட வேண்டியதுதான். 2024இல் மலையேற்றத்துக்கென்று 40 பாதைகளை அரசு திறந்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போகலாம் என்றது. அது நடக்கிறவர்களுக்கு. நாங்கள் சைக்கிளோடு போய் நின்றால் வழிகாட்டி பின்னால் ஓடிவர வேண்டும். "அப்புறம் கரடி இருக்குது" என்றும் வனவர் சொல்லி அனுப்பினார். போகிற போக்கில் சொன்னார், நண்பர்தான் வீடு வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இங்கேதான் சித்தப்பாவுக்கு நல்ல காலம் பிறந்தது. காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே, ஊருக்கும் ஊருக்கும் நடுவே, கொல்லைகளை ஒட்டிப் போகும் வழிகள் இருக்கின்றனவே! வரைபடத்தில் கோடு விட்டுவிட்டுப் போனால் வண்டிப்பாதை, வெறும் புள்ளிகளாகப் போனால் ஒற்றையடிப் பாதை. அ-பதிவேடு, புல எண் என்கிற சர்வே நம்பர், வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று அவர் பேசப் பேச, ஓய்வு பெற்றதே இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று தோன்றியது. எல்லையை மஞ்சளில் தீட்டி, இந்தப் பக்கம் இருந்த பாதைகளைச் சிவப்பில் இணைத்து, ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். ஒரேயொரு சங்கடம். அந்தப் பாதைகளை அளந்த தலைமுறையே இப்போது இல்லை. பாதை இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

காவலூரைத் தாண்டி ஒரு டீக்கடை. நண்பர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். டீக்கடைக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கேரியர் எங்க சார்?"

"கிடையாதுங்க."

"ஸ்டாண்டு?"

"அதுவும் இல்லீங்க."

"மட்கார்டு? பெல்லு?" ஒவ்வொன்றுக்கும் இல்லை. "இன்னா வெல?"

நண்பர் தன் வீட்டில் சொல்லி வைத்திருக்கும் விலையையே இங்கேயும் சொன்னார். அதற்கே டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

வரைபடத்தைப் பெஞ்சில் விரித்தோம். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் மண் பாதைகளை ஐந்து தரமாகப் பிரித்திருப்பார்கள். முதல் தரம் கெட்டிப்பட்ட பாதை, ஐந்தாவது வெறும் மண்ணும் புல்லும். நண்பர் அதை விளக்க ஆரம்பிப்பதற்குள் டீக்கடைக்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தாளை அவர் படிக்கவில்லை. "இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுலயா?" என்று பேரைக் கேட்டுக்கொண்டு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, ஒவ்வொரு பாதைக்கும் தீர்ப்புச் சொன்னார்.

"இது டிவிஎஸ் போகும்."

அடுத்தது. "இது மாடு போகும்."

அதற்கடுத்தது, சித்தப்பா நிரம்ப ஆசையோடு வண்டிப்பாதை என்று குறித்தது. "இது ஆடு போகும்."

நண்பரின் பழுப்புத் திட்டைக் காட்டினோம். "இது தேன் எடுக்கிறவன் போவான்."

"சைக்கிள்?"

"அவனே செருப்பக் கழட்டி வச்சிட்டுத்தான் சார் ஏறுவான்."

நான் எத்தனையோ வரைபடக் குறியீடுகளைப் பார்த்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை. டிவிஎஸ் போகும் என்றால் ஓர் ஆள் இரண்டு மூட்டையோடு தினமும் போய் வருகிறான் என்று அர்த்தம்; கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் விடலாம். மாடு போகும் என்றால் அகலம் உண்டு, குளம்பு பட்டுக் குண்டும் குழியுமாக இருக்கும், ஆனால் மிதிக்கலாம். ஆடு என்றால் தோளில் தூக்க வேண்டும். பருவத்துக்குத் தகுந்த திருத்தமும் அவரிடம் இருந்தது: "ஐப்பசி மழை பேஞ்சா டிவிஎஸ் போறது மாடு போறதா ஆயிடும். மாடு போறது ஓடையா ஆயிடும்." இந்த வசதியை எந்த ஆப்பும் இன்னும் கொடுக்கவில்லை.

டிவிஎஸ் பாதைகளையும் மாட்டுப் பாதைகளையும் மட்டும் கோத்துப் பார்த்தால், நாலு இடத்தில் தார் ரோட்டைத் தொட்டு, ஜமுனாமரத்தூர் வரைக்கும் ஒழுங்காக ஒரு வழி வந்துவிட்டது. நண்பர் அதைப் போனில் ஏற்றிக்கொண்டார். சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னோம். புல எண் கேட்டார்.

கிளம்பும்போது டீக்கடைக்காரர் உள்ளே போய், துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். மிக்ஸி ஜார். பிளேடு மாற்றி வைத்து ரொம்ப நாளாகிறதாம். மேலே அவருடைய அக்கா ஊருக்கு யாரும் போகிற மாதிரி தெரியவில்லையாம்.

"நீங்க அந்தப் பக்கந்தான சார் சுத்தப் போறீங்க, சும்மா?"

அக்காவின் ஊர் எங்கள் கோட்டிலிருந்து ஒரு மலை தள்ளி இருந்தது. என்ன பாதை என்று கேட்டேன்.

"மாடு போகும்."

நண்பர் கேரியர் இல்லாத தன் சைக்கிளையும் ஜாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கோட்டை விரலால் இழுத்து, அக்கா வீட்டு வழியாக விட்டார். நூற்றுக்குப் பதினான்கு ஏற்றம் என்று திரை சிவந்தது.

"மூடிய தனியா வச்சிக்குங்க சார்" என்றார் டீக்கடைக்காரர். "ஆடினா விழுந்துடும்."