ஒரு மார்க்கும் ஒன்னியும்

கொரியாவில நான் இங்கிலிஷ் படிப்பிச்ச இடத்தில, கிரமரின்ர படி "வேர்" வரவேண்டிய இடத்தில "இஃப் ஐ வாஸ் ரிச்" எண்டு ஒரு பெடியன் ரெஸ்ற் பேப்பரில எழுதினதுக்குப் பிழை போட்டிருந்தது, இது இயற்கையாக் கேக்குதோ எண்டு முதலாளி என்னட்டக் கேட்டார், ரெண்டு விதமாயும் சொல்லுறதுதான் எண்டு நான் சொன்னன். நடந்தது அவ்வளவும்தான். இதில கிடந்து யோசிக்க என்ன இருக்கு எண்டு தங்கச்சி கேக்கிறாள், சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துப் போச்சு. ஆனா கொரியாவில இருந்த காலத்தைப் பற்றி ஆரும் கதைக்கத் தொடங்கினா எனக்கு முதல் வாறது சியோலும் இல்லை, கிம்ச்சியும் இல்லை, இந்த ஒரு மார்க்தான்.

ஹாக்வொனில படிப்பிச்ச ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவைக்கு, அது எங்கட ரியூட்டரிதான், ஏசி பூட்டி, மஞ்சள் வான் விட்டுப் பிள்ளையளை ஏத்தி இறக்கிற ரியூட்டரி. இரவு பத்து மணிக்குமேல நடத்தக் கூடாது எண்டு அங்க கட்டுப்பாடு இருக்கு, இல்லாட்டி விடிய விடிய நடத்துவினம். நான் இருந்தது சியோலுக்குக் கிட்ட, புன்டாங் பக்கம். ஒரு கிளாஸுக்கு ரெண்டு ரீச்சர்மார். கொரியன் ரீச்சர் கிரமர், சொல் ரெஸ்ற், தாய்மாரோட போன். நான் ஸ்பீக்கிங், கட்டுரை, பிறகு சிரிச்சுக்கொண்டு நிக்கிறது. சிரிச்சுக்கொண்டு நிக்கிறது கொன்ராக்ற்றில இல்லை, ஆனா அதுதான் முக்கால்வாசி வேலை.

என்னோட சோடி சேத்துவிட்ட கொரியன் ரீச்சரை நான் ஒன்னி, அதாவது அக்கா எண்டுதான் கூப்பிடுறது, என்னைவிட ஒரு வயசு மூத்தவ. 2015இல நான் போய் இறங்கின புதுசில அவ இல்லாட்டி நான் ஒரு கிழமை தாக்குப்பிடிச்சிருக்க மாட்டன். இமிகிரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளிநாட்டார் அட்டைக்குப் பதிஞ்சது, பாங்க் எக்கவுண்ட், நிலத்துக்குக் கீழால சூடு வாற வீட்டில அந்தச் சுவிட்ச்சை என்னெண்டு திருப்புறது, சாப்பாட்டுக் குப்பைக்கு வேற பை வேணும், அதுவும் அந்த நகரசபையின்ர பையாத்தான் இருக்கவேணும், பக்கத்து ஊர்ப் பையைக் கொண்டந்து வைச்சா எடுக்க மாட்டினம் எண்டது எல்லாம் அவ சொல்லித் தந்ததுதான். எனக்குக் கொரியனில ஒரு சொல்லும் வராது. வரத் தேவையும் இல்லை எண்டுதான் விசாவே சொல்லுது.

இதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேணும். இங்கிலிஷ் படிப்பிக்கப் போறவைக்குக் குடுக்கிற ஈ-2 விசாவுக்கு ஏழு நாட்டுப் பாஸ்போட்தான் கேப்பினம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. பாஸ்போட்டும் ஒரு டிகிரியும் இருந்தாப் போதும். அதுக்கு மேல பொலிஸ் ரிப்போட், டிகிரியை நோட்டரி செய்து ரொறன்ரோக் கொன்சுலேற்றில சீல் குத்துவிக்கிறது எண்டு ஒரு அலைச்சல். 2024 ஜனவரியில இருந்து கனடாவும் அப்போஸ்டில்லில, அதாவது ஒரு நாட்டுச் சீலை மற்ற நாடு கொன்சுலேற் இல்லாமலே ஏற்கிற ஒப்பந்தத்தில, சேந்திட்டுது, இப்பப் போறவை குடுத்து வைச்சவை. நான் முதல் போட்டது அரசாங்கப் பள்ளிக்கூடத் திட்டத்துக்கு. அந்தப் போமில ஒரு நிபந்தனை, ஏழாம் வகுப்பில இருந்தாவது இங்கிலிஷ் நாட்டில படிச்சிருக்கவேணுமாம். நான் ரொறன்ரோ ஸ்காபரோவில ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சேந்தனான், 2000 செப்ரெம்பர். ஒரு வருசத்தால தப்பினன். எட்டாம் வகுப்புக்கு வந்து சேந்த என்ர மச்சாள், என்னைவிட வடிவா இங்கிலிஷ் கதைக்கிறவள், அந்தக் கணக்கில அவள் சரிவர மாட்டாள். கடைசியில எனக்கு இடம் கிடைச்சது ஹாக்வொனில எண்டது வேற கதை, அதுவும் என்ர படத்தைப் பாத்த உடன சில இடங்கள் பதிலே போடாமல் விட்ட பிறகு.

சரி, அந்தப் பின்னேரம். மிடில் ஸ்கூல் மூண்டாம் வருசப் பிள்ளையளுக்கு லெவல் ரெஸ்ற் முடிஞ்சு மார்க் போட்டாச்சு. அந்தப் பெடியன் ஒரு மார்க்கால மேல் கிளாஸுக்குப் போகாமல் நிண்டிட்டான். தாய் போன் எடுத்திருக்கிறா. வொன்ஜாங்நிம், அதுதான் ஹாக்வொன் முதலாளி, பேப்பரைக் கொண்டு ஸ்ராவ் ரூமுக்கு வந்தார், வந்து என்ர மேசையில வைச்சார். ஒன்னி பக்கத்து மேசை. பேப்பர் செய்தது அவ, திருத்தினது அவ, அவவின்ர மேசையைத் தாண்டித்தான் அவர் என்னட்ட வந்தவர். "நேட்டிவுக்கு இது இயற்கையாக் கேக்குதோ?" நேட்டிவ் எண்டா இங்கிலிஷ் தாய்மொழியா உள்ள ஆள், அங்க அது நான்.

நான் பாத்தன். ஓம், ஆக்கள் சொல்லுறவை, ரெண்டும் சொல்லுவினம், எழுதேக்க "வேர்" கொஞ்சம் மரியாதையா இருக்கும் எண்டு சொன்னன். அந்தக் கடைசித் துண்டு அவருக்குக் கேட்டதோ தெரியாது, "ரெண்டும்" எண்ட இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு பேப்பரை எடுத்திட்டார். ஒன்னி ஏதோ தாளுகளை ஸ்ரேப்பிள் அடிச்சுக்கொண்டு இருந்தவ, நிமிரேல்ல.

பொய் ஒண்டும் நான் சொல்லேல்ல. அதை இப்பவும் சொல்லுவன். இயற்கையாக் கேக்குதோ எண்டு கேட்டார், கேக்குது எண்டன். ரொறன்ரோவில பஸ்ஸில ஏறினா பத்துப் பேரில எத்தினை பேர் "வேர்" சொல்லுறான் எண்டு பாருங்கோ. அந்தப் பெடியன் எந்த நேரமும் காதில ராப் பாட்டோட திரியிறவன், அவன் அதைக் காதால பிடிச்சிருக்கிறான், புத்தகத்தில இருந்து இல்லை. ஒரு பிள்ளை காதால பிடிச்ச சரியான இங்கிலிஷுக்குச் சிவப்புப் பேனையால கோடு போடுறது என்ன படிப்பு எண்டு எனக்கு அப்பவே ஒரு கோவம் இருந்தது. ஒன்னியின்ர சொல் ரெஸ்ற்றுக்குப் பயந்து பிள்ளையள் என்ர கிளாஸில மேசைக்குக் கீழால வைச்சுப் பாடமாக்கிறதைப் பாத்துப் பாத்து வந்த கோவம். அப்ப நான் பதில் சொன்னது அந்தக் கேள்விக்கு மட்டும்தானோ, இல்லாட்டி அந்தச் சிவப்புப் பேனைக்கும் சேத்தோ? இதுதான் எனக்குப் பிடிபடாத இடம்.

ஏனெண்டா, அந்தக் கிளாஸுக்கு "வேர்" எண்டுதான் ஒன்னி படிப்பிச்சவ எண்டு எனக்குத் தெரியும். அவ முடிச்சுப் போன பிறகு அதே போர்ட்டை அழிச்சுப்போட்டுத்தானே நான் தொடங்கிறது. பெட்டி கீறி, நடுவில "வேர்", கீழால ரெண்டு கோடு. பள்ளிக்கூடச் சோதினையில அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதை எழுதினாத்தான் மார்க், அங்க காதுக்கு மார்க் இல்லை. தெரிஞ்சும் அவரிட்ட அதைச் சொல்லேல்ல. அவர் அதைக் கேக்கேல்ல. கேக்காததைச் சொல்லுறதுக்கு நான் ஆர்? ஆனா இதே நான் கேக்காத எவ்வளவோ விசயம் அவரிட்டச் சொல்லியிருக்கிறன், ஏசி, போட்டோ கொப்பி மெசின், வான் லேட்டா வாறது எண்டு.

பிறகு தாய்க்குப் போன் எடுத்தது ஒன்னிதான். அதுதானே அவவின்ர வேலை. தடுப்புக்கு அங்கால நிண்டு "நே, ஓமொனிம், நே, ஓமொனிம்", ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டு சொல்லுறது கேட்டது, போனில இருக்கிற ஆளுக்குத் தெரியாட்டியும் ஒவ்வொரு "நே"க்கும் தலை குனியுது. எனக்கு விளங்கின கொரியன் அந்தளவுதான்.

அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் இருந்து மாச ரிப்போட் எழுதினம். அவ கோவமா இருந்த மாதிரித் தெரியேல்ல. தன்ர ஒரேஞ்சில பாதியை உரிச்சு என்ர பக்கம் வைச்சா. வைச்சுப்போட்டு, நீ எத்தினை வயசில இங்கிலிஷ் படிக்கத் தொடங்கினனி எண்டு கேட்டா. பதினொண்டு எண்டன், ஸ்காபரோவில ஈஎஸ்எல் வகுப்பில. அவ விரலை விட்டு எண்ணினா. கொரியாவில மூண்டாம் வகுப்பில இருந்து இங்கிலிஷ் ஒரு பாடம் எண்டு 1997இல கொண்டந்தவை, அந்த முதல் வருசத்துப் பிள்ளையளில அவவும் ஒராள். "அப்ப இங்கிலிஷிலயும் நான்தான் உனக்கு மூப்பு" எண்டு சொல்லிச் சிரிச்சா. அங்க மூப்பு எண்டது சின்ன விசயம் இல்லை, ஒரு வருசம் மூத்த ஆளுக்கு ரெண்டு கையாலயும்தான் கிளாஸை நீட்டவேணும். நானும் சிரிச்சன். கொம்பியூட்டரை நிப்பாட்டேக்க, "சோதினையில அவன் இதையே எழுதினா நீ அங்கயும் வந்து சொல்லுவியோ?" எண்டு கேட்டா. அதுக்கு நான் என்ன சொன்னன் எண்டு ஞாபகம் இல்லை. இவ்வளவு தரம் ஓட்டிப் பாத்தும் அந்த இடத்தில மட்டும் சத்தம் இல்லை. சும்மா சிரிச்சிருப்பன்.

உண்மையில யாழ்ப்பாணத்திலயும் மூண்டாம் வகுப்பில இருந்து இங்கிலிஷ் பாடம் இருந்ததுதான். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு ரீச்சர் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு, "திஸ் இஸ் எ பென்" மட்டும் வடிவாத் தெரியும். அதை நான் அவவிட்டச் சொல்லேல்ல. அதையும் கூட்டினா மூப்புக் கணக்கு கிட்டமுட்டச் சமனா வந்திருக்கும். ஏன் சொல்லேல்ல எண்டா, அங்க என்ர சம்பளம் ஸ்காபரோக் கணக்கில வாறது. மாசம் 2.3 மில்லியன் வொன், வீடு சும்மா, ரிக்கற் காசு, ஒரு வருசம் முடிச்சா ஒரு மாசச் சம்பளம் மேலதிகமா, கனடாக்காரர் எண்டதால நாட்டை விட்டுப் போகேக்க நாங்கள் கட்டின பென்ஷனையும் முதலாளி கட்டினதையும் சேத்துத் திருப்பித் தருவினம். ஒன்னிக்கு அப்பிடிச் சும்மா வீடு இல்லை. தன்ர ஒரு அறை வீட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் பத்து மில்லியன் வொன் கட்டினவ. சம்பளம் எவ்வளவு எண்டு நான் கேக்கேல்ல, கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஃபக்டரி ஆக்கள் கனக்க இருக்கிற அன்சான் எண்ட ஊருக்குப் போனன், அங்க ஒரு லங்காக் கடையில சோறு கறி சாப்பிடலாம். பக்கத்து மேசையில ஒரு சிங்கள அண்ணா, எந்த ஃபக்டரி எண்டு கேட்டார். ஃபக்டரி இல்லை, இங்கிலிஷ் படிப்பிக்கிறன் எண்டன். லங்காப் பாஸ்போட்டிலயோ எண்டார். இல்லை, கனடா. "ஆ, அப்ப சரி" எண்டிட்டு வாங்கோ வந்து இருங்கோ எண்டு கதிரையை இழுத்து விட்டார். 2004இல தொடங்கின வேலை விசாத் திட்டத்தில வாறவை அவையள், கொரியன் சோதினை பாஸ் பண்ணித்தான் வரவேணும். அந்த அண்ணா கடைக்காரரோட கொரியனில பகிடி விட்டுக் கதைக்கிறார், நான் விரலால காட்டித் தண்ணி கேக்கிறன். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில இருக்கிறது ஒரு பாஸ்போட் எண்டு அப்ப விளங்கினது எண்டு எழுதினா வடிவா இருக்கும். ஆனா அண்டைக்கு அப்பிடி ஒண்டும் விளங்கேல்ல, சம்பலில உப்புக் கூட எண்டுதான் யோசிச்சன். இதெல்லாம் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த பிறகு, தேவையில்லாத நேரத்தில வாற யோசினை.

தங்கச்சி சொல்லுறாள், நீ ஒண்டும் அந்த விசாச் சட்டத்தை எழுதேல்லையே, அந்தாள் உன்னட்ட வந்து கேட்டான், நீ இல்லாட்டி இன்னொரு நேட்டிவிட்டக் கேட்டிருப்பான் எண்டு. சரிதான். ஒன்னி ஒண்டும் பாவப்பட்ட ஆள் இல்லை எண்டதும் சரி, கிளாஸில ஒரு பிள்ளையை நிப்பாட்டி வைச்சு ஏசினா எண்டா எனக்கே கை நடுங்கும். பெடியனுக்கு மார்க் குடுத்தாச்சு, மேல் கிளாஸுக்குப் போனான், அது வேற ஆளின்ர கிளாஸ், அங்கால நடந்தது எனக்குத் தெரியாது. அப்ப ஆருக்கு என்ன நட்டம்? இப்பிடி அடுக்கிக்கொண்டு வந்தா எல்லாம் சரியாத்தான் வருது. வந்தாப் பிறகு அந்த ஸ்ரேப்பிள் சத்தம் கேக்குது, டக் டக் எண்டு, என்னத்தை அவ்வளவு அடிச்சவ எண்டு தெரியேல்ல.

இப்ப ஒன்னி தன்ர வீட்டிலேயே சின்னனா வகுப்பு நடத்திறா, பத்துப் பன்ரெண்டு பிள்ளையள். போன மாசம் காக்காவோவில, அது கொரியாக்காரரின்ர வாட்ஸ்அப், மெசேச் போட்டிருந்தா, தாய்மார் நேட்டிவ் இல்லையோ எண்டு கேக்கினமாம், கிழமைக்கு ஒருக்கா சூமில வந்து கதைக்கிறியோ எண்டு. அங்க சனி காலமை பத்து மணி, இஞ்ச வெள்ளி இரவு ஒன்பது. நோட்டீசும் அனுப்பினா, என்ர படம் போட்டு, கனடா நேட்டிவ் எண்டு பெரிய எழுத்தில. எனக்குக் கொஞ்சம் எரிச்சலா இருந்தது, உண்மையைச் சொன்னா. மூப்புக் கணக்குப் பாத்த ஆள்தானே இது. பிறகு நான் மட்டும் என்ன, சம்பளம் எவ்வளவு எண்டுதான் முதல் கேட்டன். அவ ஒரு தொகை சொன்னா, நான் கூட்டிக் கேட்டன், அவ நடுவில வந்து நிண்டா. ஒரு நிபந்தனை மட்டும் போட்டா, கிரமர்க் கேள்வி வந்தா எனக்கு விடு. ஓம் எண்டன். போன வெள்ளி முதல் வகுப்பு, ஒரு பெட்டை கையைத் தூக்கி "ஹூ"வோ "ஹூம்"மோ எண்டு என்னட்டத்தான் நேர கேட்டாள். திரையில ஒன்னி தன்ர பெட்டிக்குள்ள இருந்து என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறா, மைக்கை நிப்பாட்டி வைச்சிருக்கிறா. ஒன்னியைக் கேளுங்கோ எண்டு சொன்னன். அவ மைக்கைப் போட்டு, இல்லை, நேட்டிவ் சொல்லட்டும் எண்டா.